கரைப்பட்டறை: பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறீர்களா?

(காசிமேட்டில் ஃபைபர் பட்டறை நடத்தி, இப்போது பிறர் வாங்கும் படகுகளைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் நம் பகுதி ஆசிரியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் சென்னைத் துறைமுகத்தில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டோம். இப்போது 26 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வருகிறது. உள்ளே படுக்க அறை உண்டு. வயது முப்பதுக்கு மேல். கரையில் ஏற்றிப் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அடியில் ஓட்டையோ விரிசலோ தெரியவில்லை. கப்பலில் இன்ஜினீயராக இருந்த என் மாமா, "அடி நன்றாக இருந்தால் போதும், வாங்கிவிடு" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முன்பணம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மாமா இரும்புக் கப்பலில் பழகியவர். இரும்புக் கப்பலுக்கு அவர் சொல்வது சரிதான். அங்கே அடித்தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்பதில்தான் பேரமே ஆரம்பிக்கும். ஃபைபர் பாய்ப்படகுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கடல்நீர் முப்பது வருடம் அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பெரிய கேடு ஒன்றும் வருவதில்லை. மேல்தளத்தில் ஒரு போல்ட் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் மழைநீர்தான் படகைக் கொல்கிறது.

காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. அந்த வயதுப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பாகம் முழுக்கக் கெட்டியான ஃபைபர். மேல்தளம் அப்படி அல்ல. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒரு மெல்லிய தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ நுரைப் பலகையோ வைத்து ஒட்டியிருப்பார்கள். எடை குறைய வேண்டும், ஆனால் ஆள் நடந்தால் வளையக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மூன்றும் ஒட்டியிருக்கும்வரை அதைப் போல உறுதியானது கிடையாது. இப்போது அந்தத் தளத்தில் எத்தனை இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கைவேலித் தூண்களுக்கு, கயிறு கட்டும் க்ளீட்டுகளுக்கு, வின்ச்சுகளுக்கு, ஜன்னல்களுக்கு, பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிவடப் பட்டைகளுக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் சீலன்ட் வைத்து இறுக்கியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் அந்தச் சீலன்ட் காய்ந்து இறுகி விட்டுப்போகும். பிறகு ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். ஓட்டை வழியாக நடு அடுக்குக்குள் புகுந்த நீருக்கு வெளியேற வழி இல்லை. பால்சா நமுத்துப்போன வர்க்கியைப் போல ஆகி, தோல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

ஆகவே மேல்தளத்தில் ஆரம்பியுங்கள். மண்ணடிக் கடைகளில் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்க்ரூடிரைவரின் பிடி போதும். முழங்காலுக்கு ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம்வரை நான்கு விரல் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று சுருக்கென ஒலிக்கும். நீர் புகுந்த இடம் "தொப்" என்று மந்தமாகச் சொல்லும். தோல் பிரிந்த இடத்தில் ஓசை கலகலக்கும். உள்ளே குறுக்குத் தடுப்பு வரும் இடத்திலும் ஓசை மாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே ஓசை கனமாகும், மந்தமாகாது. அரை மணி நேரம் தட்டினால் காது தானாகப் பிரித்துச் சொல்லும். சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். உரிமையாளர் முகம் சுளித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டங்கள் எங்கே விழுகின்றன என்பதுதான் முக்கியம். ஒரு தூணின் அடியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. வெட்டி எடுத்துப் புதிய நடு அடுக்கு வைத்து, மேலே ஃபைபர் போட்டுவிடலாம். பாய்மரத்தின் அடியில் என்றால் யோசிக்க வேண்டும். உங்களுடையது போன்ற சிறிய படகுகளில் பாய்மரம் பெரும்பாலும் மேல்தளத்தின் மீதே நிற்கும். தளத்தை அழுத்துவது மரத்தின் எடை மட்டும் அல்ல. கம்பிவடங்களை முறுக்கி இறுக்கிய விசையும், காற்று பாயைத் தள்ளும் விசையும் சேர்ந்து அங்கேதான் இறங்குகின்றன. மரத்தின் காலடியில் தளம் தட்டுபோலக் குழிந்திருக்கிறதா என்று ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளே இறங்கி, அந்த இடத்துக்கு நேர் கீழே முட்டுக்கால் இருக்கிறதா, அதன் அடிப்பகுதி கறுத்து ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அறைக் கதவைச் சாத்திப் பார்க்க மறக்காதீர்கள். கதவு மேல் விளிம்பில் இடித்தால் தளம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை.

மேலே தட்டி முடித்ததும், அதே போல்ட்டுகளைக் கீழிருந்து பாருங்கள். டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வேண்டும். மேற்கூரைத் துணியை ஓரத்தில் நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். நட்டைச் சுற்றிப் பழுப்பாக வழிந்த தடம் இருந்தால், மேலே எவ்வளவு சீலன்ட் பூசியிருந்தாலும் அது ஒழுகியிருக்கிறது. நட்டுக்கு அடியில் அகலத் தகடு கொடுத்திருக்கிறார்களா, அல்லது ஒரு ரூபாய் அகல வாஷரோடு விட்டுவிட்டார்களா என்பதையும் பாருங்கள். தகடு இல்லாத தூணை ஒருவர் பிடித்து இழுக்கும்போதெல்லாம் தளம் கொஞ்சம் வளைகிறது, சீலன்ட் கொஞ்சம் விடுகிறது. தூணின் அடியைச் சுற்றி வில் வில்லாக மயிர்க்கோடுகள் ஓடியிருந்தால் இதுதான் காரணம்.

கம்பிவடப் பட்டைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று வீட்டுப் பாத்திரத்தை வைத்து நம்புகிறோம். அது காற்றுப் படும் இடத்துக்குத்தான் பொருந்தும். அந்தப் பட்டை மேல்தளத்தைத் துளைத்து உள்ளே போகும் அந்த ஓர் அங்குலத்தில், உப்பு நீர் தேங்கிக் காற்றுப் படாமல் கிடந்தால், வெளியே மின்னும் பட்டை உள்ளே ஓசைப்படாமல் அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் நல்ல காற்றில் பட்டை அறுந்தால் பாய்மரமே சாய்ந்துவிடும். எனவே குறைந்தது ஒரு பட்டையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது மாட்டியிருந்த பிளைவுட் தடுப்பை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பேச்சை வேறு திசைக்குத் திருப்பலாம்.

புதுப் பெயின்ட் பற்றி. விற்கும் நேரத்தில் பெயின்ட் அடிப்பதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். வீட்டைக்கூட வெள்ளையடித்துத்தான் வாடகைக்கு விடுகிறோம். ஆனால் மேல்தளத்தில் கால் வழுக்காமல் இருக்கப் பொரிப்பொரியாக அச்சு வைத்திருப்பார்களே, அதை மட்டும் உற்றுப் பாருங்கள். பழைய அச்சின் முனைகள் கூர்மையாக, ஒரே வரிசையில் இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் அச்சு மழுங்கி, மணல் தூவிய மாதிரி இருந்தால், அங்கே வெட்டிப் பழுது பார்த்திருக்கிறார்கள் அல்லது விரிசலை மூடியிருக்கிறார்கள். "இங்கே என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பழுது பார்த்தது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. என் அனுபவத்தில், வேலை செய்ததைப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுகிறார்கள்.

அறைக்குள் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். ஈர வாடையை மறைப்பதுபோலச் சாம்பிராணியோ வாசனைத் தெளிப்பானோ மணந்தால், அன்றிரவு எல்லா ஜன்னலையும் மூடிவைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலை மறுபடி போங்கள்.

இப்போது அடிப்பாகம், மாமாவின் ஆசைக்காக. காலையில் போங்கள். கிழக்கே கடலிலிருந்து தாழ்வாக வரும் வெயில் படகின் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில், பின்முனையில் நின்று கன்னத்தைப் படகோடு ஒட்டி வைத்து நீளவாக்கில் பாருங்கள். மேடு பள்ளம், பழைய ஒட்டு, இடித்துத் தட்டையான இடம் எல்லாம் நிழலாகத் தெரியும். நண்பகலில் போனால் எதுவும் தெரியாது, தலைவலிதான் மிச்சம். விரிசல்களின் உருவத்தையும் கவனியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரிந்தால் ஏதோ இடித்திருக்கிறது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. ஜெல்கோட் என்ற பழைய வெளிப்பூச்சில் மேலாக ஓடும் சிலந்திக் கோடுகள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் சலவை நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துத் தடவித் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் விரிசல் நீலக் கோடாக நிற்கும்.

அடியில் தொங்கும் கனத்த ஏரா, படகோடு சேரும் கோட்டைப் பாருங்கள். முன்பக்கம் வாய் லேசாகத் திறந்ததுபோல ஒரு விரிசல் இருந்தால் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து துருநீர் வழிந்திருந்தால் ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பார்க்காமல் நகராதீர்கள். ஏரா மணல்திட்டிலோ பாறையிலோ இடித்திருந்தால், அடி அதன் முன்முனையில் விழுந்தாலும் பின்முனைதான் படகின் அடியை மேல்நோக்கிக் குத்தும். எனவே உள்ளே தரைப் பலகைகளைத் தூக்கி, ஏராவின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள குறுக்குக் கட்டைகளைப் பாருங்கள். அங்கே ஃபைபர் பட்டை வெடித்திருந்தால் படகு எங்கோ தரை தட்டியிருக்கிறது. சுக்கானின் கீழ்முனையைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மறுபடி ஈரம் கசிந்திருந்தால் அதன் வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புக் கைகள் அரிக்கத் தொடங்கியிருக்கும். அடியில் உள்ள கடல்நீர் வால்வுகள் ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடிப் பாருங்கள். திருகாத வால்வு இருந்தும் இல்லாததும் ஒன்று. பித்தளைப் பாகத்தைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அதிலிருந்த துத்தநாகம் போய்விட்டது, உடைந்துவிடும் என்று அர்த்தம்.

மேல்தளமும் அடிப்பாகமும் சேரும் விளிம்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுங்கள். நம் துறைமுகத்துக்குள்ளும் அலை ஏறி இறங்கும். சரியாகக் கட்டாத படகு மேடையில் மோதிக்கொண்டே கிடக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று இந்தப் படகு எங்கே கட்டியிருந்தது என்றும் கேளுங்கள். சென்னையில் இருந்த படகு என்றால் அதற்குப் பதில் தெரியாத உரிமையாளர் இருக்க முடியாது.

மேல்தளம் அங்கங்கே மட்டும் மந்தமாக ஒலித்தால், பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேசி வாங்குங்கள். பாதித் தளம் "தொப்" என்றால் விட்டுவிடுங்கள். தளத்தைத் திறந்து புதிதாகப் போடும் கூலியும் பொருளும் சேர்ந்து, அந்த வயதுப் படகின் விலையையே எட்டிவிடும். "ஓட்டை போட்டு எபாக்ஸிப் பசையை ஊசியால் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈர மரத்தில் எபாக்ஸி பிடிக்காது.

கேள்வி: நாங்கள் பார்த்த படகின் அடியில் பட்டாணி அளவு கொப்புளங்கள் நிறைய இருக்கின்றன. "இது எல்லா ஃபைபர் படகிலும் வருவதுதான்" என்கிறார் விற்பவர். உண்மையா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பாதி உண்மை. ஜெல்கோட் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல இருந்தாலும் நீர் மிக மெதுவாக அதை ஊடுருவும். உள்ளே, நாரைப் பிடித்திருக்கும் ரெசின் பசையில் உள்ள, நீரில் கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அது ஒரு புளித்த திரவமாகி, மேலும் நீரை இழுத்து, தோலைத் தள்ளிக் கொப்புளமாக்குகிறது. நம் கடலைப்போன்ற வெதுவெதுப்பான நீரில், வருடம் முழுக்க மிதக்கும் படகில் சீக்கிரம் வரும். ஒன்றைக் குத்திப் பாருங்கள். ஆனால் கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள். அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். வினிகர் வாடை வந்தால் இதுதான். வாடை இல்லாமல் வெறும் தண்ணீரோ காய்ந்த பெயின்டோ வந்தால், அது பெயின்டின் கொப்புளம். சுரண்டி அடித்தால் போதும்.

பட்டாணி அளவில், ஜெல்கோட்டோடு நிற்கும் கொப்புளங்களால் எந்தப் படகும் மூழ்கியதாக நான் பார்த்ததில்லை. விலை குறைக்க உங்களுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். உள்ளங்கை அளவில் இருந்தால், அல்லது குத்திய இடத்தில் நார் அடுக்குகள் பிரிந்து தெரிந்தால், நீர் ஆழத்துக்குப் போய்விட்டது. தோலைச் சீவி, மாதக்கணக்கில் காயவைத்து, எபாக்ஸி பூச வேண்டும். கடலோர ஈரக் காற்றில் அந்த "மாதக்கணக்கு" இன்னும் நீளும்.

கேள்வி: என் மகள் துறைமுகத்தில் பாய்ப்படகுப் பயிற்சிக்குப் போகிறாள். பழைய லேசர் படகு ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். எனக்குப் படகு பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நல்ல தேர்வு, அம்மா. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒருவரே ஓட்டும் இந்த லேசர் வகைச் சிறு படகில்தான் போட்டியிட்டார்; பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். இப்போது இதே படகை ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் விற்கிறார்கள். பழைய படகுக்காரர்கள் லேசர் என்றே சொல்வார்கள்.

முதல் வேலை, நிறுத்துப் பாருங்கள். பாய்மரம், சுக்கான், கயிறு எல்லாம் எடுத்துவிட்டு வெறும் படகு சுமார் 59 கிலோ இருக்க வேண்டும். காசிமேட்டில் மீன் நிறுக்கும் பெரிய தராசு வைத்திருப்பவரிடம் ஏலம் முடிந்த பிறகு கேட்டால் மறுக்க மாட்டார். நீண்ட பயன்பாட்டில் இரண்டு மூன்று கிலோ கூடியிருந்தால் மன்னிக்கலாம். பத்து கிலோ கூடியிருந்தால் மகள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போட்டி போடுவாள்.

இரண்டாவது, பாய்மரம் செருகும் குழி. இந்தப் படகில் அடிக்கடி வரும் நோய் அங்கேதான். குழியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பிவிட்டு, உரிமையாளரோடு ஒரு தேநீர் குடியுங்கள். திரும்பி வரும்போது மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடி விரிந்து, நீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. மரத்தைக் குழியில் செருகி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தளம் சேர்ந்து அசைந்தால், மகளுக்கு நல்ல காற்று கிடைக்கும் நாளில் மரம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் படகு வேண்டாம்.

மூன்றாவது, உட்காரும் இடத்தின் இருபுறமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஆயிரம் முறை உடம்பை வெளியே சாய்த்து உட்கார்ந்த இடம் அது. மெத்தென்று அமுங்கக் கூடாது. பின்பக்க வடிகால் ஓட்டையில் சிலர் கம்ப்ரசர் வைத்துக் காற்று ஏற்றி ஓட்டை தேடுவார்கள். அப்படிச் செய்தால் மேல் தோலும் கீழ்த் தோலும் சேரும் இடமே பிரிந்துவிடும். வாயால் மெல்ல ஊதி, சேரும் கோட்டில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், அது போதும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயில் நனைந்த ஃபைபர் படகு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கறை இன்னும் போகவில்லை. படகு கெட்டுப்போயிருக்குமா?
– வாசகர், காட்டுக்குப்பம், எண்ணூர்

பதில்: நன்றாக இறுகிய ஃபைபரை அந்த எண்ணெய் கரைத்துவிடாது. கறை கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவே. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெய் ஊறிய பரப்பில் புது ரெசின் ஒட்டாது. பழுது பார்ப்பவர் அவசரத்தில் நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், எண்ணெயை ஆழத்துக்குத் தள்ளிவிட்டு அதன் மேல் மேட் என்ற ஃபைபர் நார் விரிப்பைப் போடுவார். அடுத்த பருவத்தில் ஒட்டு தட்டாகப் பெயர்ந்து வரும். முதலில் கழுவ வேண்டும். எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுத் துணி எடுத்து, தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் பரவி நிற்கும்வரை கழுவிய பிறகே தேய்க்க வேண்டும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு போட்ட ஒட்டுகள் ஏதாவது இருந்தால், ஓரத்தில் உளியை வைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். தொலைந்த பிழைப்புக்கு ஈடாக யாரோ விற்கும் படகாகவும் இருக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று மேலும் கசக்கிப் பிழியாதீர்கள்.

கேள்வி: ஈரம் அளக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து வந்து பார்த்தேன். படகு முழுக்கச் சிவப்பு காட்டுகிறது. வாங்கக் கூடாதா?
– வாசகர், ராயபுரம்

பதில்: எந்த மாதம் அளந்தீர்கள் என்று சொல்லவில்லையே. கார்த்திகையில் ராயபுரத்தில் எதை அளந்தாலும் சிவப்புத்தான் காட்டும், உங்கள் வீட்டுச் சுவர் உட்பட. தண்ணீரிலிருந்து அன்றைக்கே ஏற்றிய படகு, செம்பு கலந்த அடிப்பெயின்ட், பின்னால் ஒளிந்திருக்கும் எவர்சில்வர் தகடு, இவை எல்லாம் அளவைக் கூட்டிக் காட்டும். கருவி சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே படகில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தூணின் அடியில் கூடுதலாகவும் ஒரு முழம் தள்ளிக் குறைவாகவும் காட்டினால் அந்தத் தூண் ஒழுகுகிறது. சுத்தியலும் அதையே சொன்னால் முடிவு செய்துவிடலாம்.

படகு காய்ந்திருக்க வேண்டுமானால் மே மாதம் பாருங்கள். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டு விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரைக்கு வரும். அந்த 61 நாளும் ஃபைபர் ஆளும் தச்சரும் உங்கள் போனை எடுக்க மாட்டார்கள். பார்ப்பதை மே மாதத்திலும், வேலையை ஜூன் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகலைப் பிடிக்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் குழாயால் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறிக்கொண்டே நீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டையில் ஒழுகியது என்று கண்டுபிடிக்க முடியாது. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் நாம் இதில் சிக்கனமாக இருப்பதும் நல்லது.

கேள்வி: மீன்பிடிக்கப் பயன்பட்ட பழைய ஃபைபர் படகில் பாய்மரம் நட்டுப் பாய்ப்படகாக மாற்றலாமா? பாதி விலைக்குக் கிடைக்கிறது.
– வாசகர், எர்ணாவூர்

பதில்: செய்யலாம், ஆனால் காற்று போகும் பக்கம்தான் போவீர்கள். கரையேற்ற வசதியாக அதன் அடி தட்டை. பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க எதுவும் இல்லை. கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடிய பெரியவர்கள்கூடப் பலகை இறக்கித்தான் ஓட்டினார்கள். நடுவில் பலகை இறக்க அடியைக் கிழித்துப் பெட்டி கட்ட வேண்டும். அதைத் தாங்கும் அளவுக்கு அந்த ஃபைபர் கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுவதும் அவசர அவசரமாகப் படகுகள் வார்த்தார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு, காகிதம்போல மெலிந்தவையும் உண்டு. இருட்டு அறையில் வைத்தது மாதிரி படகைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே உட்கார்ந்து, வெளியே ஒருவரை வலுவான விளக்கோடு சுற்றிவரச் சொல்லுங்கள். பெயின்ட் இல்லாத இடங்களில் வெளிச்சம் ஊடுருவும் விதத்திலேயே எங்கே மேட் குறைவு, எங்கே ரெசின் ஊறாமல் வெள்ளையாக நிற்கிறது என்று தெரிந்துவிடும். மிதப்புக்காக அடைத்த தெர்மாக்கோல் அறைகளில் சின்ன ஓட்டை போட்டு நீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: விற்பவர் மேல்தளம் முழுக்கத் தேக்குப் பட்டைகள் பதித்திருக்கிறார். அதற்காகக் கூடுதல் விலை கேட்கிறார். தரலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பட்டைகளைப் பசையால் ஒட்டியிருக்கிறாரா, திருகாணியால் முடுக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். பட்டைகளின் மேல் வட்ட வட்டமாகச் சின்ன மர அடைப்புகள் தெரிந்தால் திருகாணிதான். அப்படியானால் உங்கள் மேல்தளத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் இருக்கின்றன என்று பொருள். நாலைந்து அடைப்புகள் பெயர்ந்திருந்தால், கூடுதல் விலையை அவர் உங்களுக்குத் தர வேண்டும். ஒட்டியது என்றால் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வெயிலில் வெறுங்காலோடு தேக்கின் மேல் நிற்க முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.